மூன்றாவது கியரும் ரிவர்ஸும் ஒன்றாகப் போனால்: வீட்டு கேரேஜில் டர்போ 350 கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்டுவது

ஓஹையோவில் வசிக்கும் ஒரு நண்பர் கேட்டிருக்கிறார்: "1974ஆம் ஆண்டின் செவ்ரோலெட் பிக்கப் ஒன்றை வாங்கினேன். மூன்று கியர் ஆட்டோமேட்டிக். முதல் இரண்டு கியரும் நன்றாகப் பிடிக்கின்றன. மூன்றாவதுக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் அலறுகிறது, வண்டி வேகம் எடுப்பதில்லை. போன வாரம் ரிவர்ஸும் போய்விட்டது. பட்டறையில் 2,400 டாலர் கேட்கிறார்கள். எஞ்சின் வேலை ஓரளவு செய்து பழக்கம் உண்டு, கியர்பாக்ஸைத் தொட்டதில்லை. வீட்டு கேரேஜில் நானே பிரித்துக் கட்ட முடியுமா?"

முடியும். நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்தே உள்ளே எது எரிந்திருக்கிறது என்றும் என்னால் ஏறக்குறையச் சொல்ல முடியும். ஆனால் அது ஏன் எரிந்தது என்பதைப் பெட்டியைத் திறந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பிளேட்டுகளைப் போட்டு மூடினால், சில வாரங்களில் அதே பெட்டியை மறுபடியும் இறக்க வேண்டியிருக்கும். எனக்கு அது நடந்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் பெட்டியின் அடையாளம். வண்டிக்கு அடியில் படுத்து ஆயில் தட்டைப் பாருங்கள். 13 போல்ட்டுகள், ஏறக்குறைய சதுரம், பின்பக்க மூலை ஒன்று மட்டும் வெட்டியதுபோல் சரிந்திருக்கும். அப்படி இருந்தால் அது ஜெனரல் மோட்டார்ஸின் டர்போ ஹைட்ராமேட்டிக் 350. 1969 மாடல் வண்டிகளில் வந்தது. 1980களின் தொடக்கத்தில் 700ஆர்4 என்ற நான்கு கியர் பெட்டி அதன் இடத்தைப் பிடிக்கும்வரை செவ்ரோலெட்டிலும் பியூக்கிலும் லட்சக்கணக்கில் ஓடியது. முதன்முறை கைவைப்பவருக்கு இதைவிட நல்ல பெட்டி கிடைப்பது அரிது. கணினி கிடையாது. கியர் மாற்றத்தை முடிவு செய்வதெல்லாம் ஆயில் அழுத்தமும் சில ஸ்பிரிங்குகளும்தான். உதிரிபாகம் இன்றும் எங்கும் கிடைக்கிறது. பிளேட்டுகளும் சீல்களும் அடங்கிய முழு கிட் சில நூறு டாலருக்குள் முடிந்துவிடும். இன்றைய எட்டு கியர், பத்து கியர் பெட்டி ஒன்றைப் பற்றிக் கேட்டிருந்தால் 'வேண்டாம், பட்டறைக்கே கொடுங்கள்' என்றுதான் எழுதியிருப்பேன்.

இப்போது உங்கள் அறிகுறிக்கு வருவோம். இந்தப் பெட்டிக்குள் நான்கு கிளட்ச் அடுக்குகள் (ஆயில் அழுத்தத்தில் ஒரு பிஸ்டன் நெருக்கிப் பிடிக்கும் பிளேட்டுகள்), இரண்டு ரோலர் கிளட்ச்கள் (ஒரு திசையில் மட்டும் பிடிப்பவை), ஒரு பேண்ட் (சுழலும் கூட்டைச் சுற்றி இறுக்கும் பட்டை). ஃபோர்டில் பொறியாளராக இருந்த ஹோவர்ட் சிம்ப்சன் வகுத்த கியர் அமைப்பு இது. இரண்டு பிளானட்டரி தொகுதிகளுக்கும் (நடுக் கியரைச் சுற்றிச் சிறு கியர்கள் ஓடும் அமைப்பு) பொதுவாக ஒரே சன் கியர், அதாவது நடுக் கியர். கிரைஸ்லரின் டார்க்ஃபிளைட், ஃபோர்டின் சி4 ஆகியவற்றிலும் இதே அமைப்புதான் என்பதால், ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவையும் பாதி புரிந்துவிடும். முன்னால் போகும் எல்லா கியரிலும் ஃபார்வர்டு கிளட்ச் பிடித்திருக்கும். முதல் கியரில் அதனுடன் பின்பக்க ரோலர் கிளட்ச் சேர்ந்து தாங்கும். இரண்டாவதில் இன்டர்மீடியட் கிளட்ச் சேரும். மூன்றாவதில் டைரக்ட் கிளட்ச் சேரும். ரிவர்ஸில் ஃபார்வர்டு விட்டுவிடும். டைரக்ட் கிளட்சும், பெட்டியின் கடைசியில் இருக்கும் லோ-ரிவர்ஸ் கிளட்சும் சேர்ந்து பிடிக்கும்.

மூன்றாவதுக்கும் ரிவர்ஸுக்கும் பொதுவாக இருப்பது எது? டைரக்ட் கிளட்ச் ஒன்றுதான். உறுதிப்படுத்திக்கொள்ள ஒரு சோதனை இருக்கிறது. காலியான சாலையில் மெதுவாக ஓட்டி, கியர் கம்பியை 'எல்' (முதல் கியரிலேயே நிறுத்தும்) நிலைக்கு இழுத்து ஆக்சிலரேட்டரை விடுங்கள். எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துவதுபோல் இழுத்தால் லோ-ரிவர்ஸ் கிளட்ச் நன்றாக இருக்கிறது என்று பொருள். அப்படியானால் பழி முழுவதும் டைரக்ட் கிளட்ச் மேல்தான். இழுக்காமல் வண்டி உருண்டுகொண்டே போனால் பின்பக்கத்தையும் சந்தேகிக்க வேண்டும்.

பெட்டியை இறக்குவதற்கு முன் இன்னும் இரண்டு காரியம் செய்யுங்கள். ஆயில் அளவுக் கம்பியை எடுத்து முகர்ந்து பாருங்கள். நல்ல ஆயில் சிவப்பாக, வாடையே இல்லாததுபோல் இருக்கும். எரிந்த ஆயில் பழுப்பாகி, கருகிய துணி வாடை அடிக்கும். அடுத்து, பெட்டியின் வலப்பக்கம் பின்னால் ஒரு சின்ன உலோகக் குடுவை திருகியிருக்கும். எஞ்சினிலிருந்து ஒரு வாக்குவம் குழாய் அதற்கு வரும். அதுதான் மாடுலேட்டர். எஞ்சின் எவ்வளவு சுமை இழுக்கிறது என்பதை கியர்பாக்ஸுக்குச் சொல்வது அது. அந்த ரப்பர் குழாயைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிவப்பு ஆயில் ஈரம் தெரிந்தால் மாடுலேட்டரின் உள்சவ்வு கிழிந்திருக்கிறது. எஞ்சின் கியர்பாக்ஸின் ஆயிலைக் குடித்துக்கொண்டிருக்கிறது. வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லாமல் ஆயில் குறைந்துகொண்டே போனால், சைலன்சரில் வெண்புகை வந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஆயில் குறைந்த நிலையில் பலநாள் ஓடிய பெட்டியில் டைரக்ட் கிளட்ச் எரிவது சாதாரணம். அப்படியானால் உங்கள் தேடலின் விடை பாதி இங்கேயே கிடைத்துவிடும்.

என் முதல் பெட்டியின் கதையை இங்கே சொல்ல வேண்டும். உங்களுக்கு இருப்பதைப் போலவே மூன்றாவது நழுவல். மிச்சிகனில் வாடகை வீட்டில் இருந்த காலம். கிட் வாங்கினேன், எல்லாப் பிளேட்டுகளையும் எல்லா சீல்களையும் மாற்றினேன், மூடினேன். வண்டி புதிதுபோல் ஓடியது. மூன்று வாரம், ஏறக்குறைய 600 மைல். பிறகு ஒரு மாலை நெடுஞ்சாலையில் மூன்றாவது கியர் மெல்ல நழுவத் தொடங்கியது. மறுபடியும் இறக்கித் திறந்தபோது மற்ற மூன்று அடுக்குகளும் நான் வைத்தபடியே புதிதாக இருந்தன. டைரக்ட் அடுக்கு மட்டும் கரியாகியிருந்தது. அப்போதுதான் அந்த அடுக்கைத் தாங்கும் உருளைக் கூடான டிரம்மின் உள்துளைக்குள் விரலை விட்டுத் தடவினேன். நகம் மாட்டிக்கொள்ளும் அளவுக்கு வளையம் வளையமாகப் பள்ளம். பம்பிலிருந்து வரும் ஆயில் அந்தத் துளை வழியாகத்தான் டைரக்ட் பிஸ்டனுக்குப் போக வேண்டும். பம்பின் கழுத்தில் இருக்கும் சீலிங் ரிங்குகள் அந்தத் துளையின் சுவரில் உட்கார்ந்து ஆயிலைக் காக்க வேண்டும். சுவரே அரித்துப்போயிருந்தால் ரிங் புதிதாக இருந்தும் பயனில்லை. அழுத்தம் அங்கேயே கசிந்துவிடும். பிஸ்டன் பிளேட்டுகளை அரைகுறையாக அழுத்தும். அரைகுறையாக அழுத்தப்பட்ட பிளேட் உரசி எரியும். நான் மாற்றிய பிளேட்டுகளில் ஒரு குறையும் இல்லை. டிரம்மின் உள் புஷ் (துளைக்குள் பொருத்திய உலோக வளையம்) தேய்ந்து, டிரம் ஆடி, ரிங்குகள் சுவரைச் சுரண்டியிருக்கின்றன. பழைய வாகனக் கிடங்கிலிருந்து நல்ல டிரம் ஒன்றை வாங்கி, புதுப் புஷ் அடித்து மாட்டினேன். அந்தப் பெட்டி அதன்பின் 11 ஆண்டுகள் ஓடியது.

ஆகவே பெட்டியைத் திறக்கும்போது ஒரே கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: டைரக்ட் கிளட்ச்சுக்குப் போக வேண்டிய அழுத்தம் எங்கே தொலைந்தது?

இடமும் கருவியும். இரண்டு கார் நிற்கும் கேரேஜில் பாதி போதும். தரை சமமாக, கான்கிரீட்டாக இருக்க வேண்டும். நான்கு நல்ல ஜாக் ஸ்டாண்டுகள் கட்டாயம். சிமெண்ட் கல்லை அடுக்கி வண்டியை நிறுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கல் முன்னறிவிப்பே இல்லாமல் நொறுங்கும், தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பெட்டி மட்டும் காலியாகவே 55 கிலோ அளவுக்கு இருக்கும், எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரோடு சேர்ந்தால் இன்னும் கூடும். மார்பில் வைத்து இறக்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம். டிரான்ஸ்மிஷன் ஜாக் ஒருநாள் வாடகைக்குக் கிடைக்கிறது. கிளட்ச் ஸ்பிரிங்குகளை அமுக்கும் கருவி, சர்க்ளிப் (பிளேட்டுகளை இடத்தில் நிறுத்தும் ஸ்பிரிங் வளையம்) இடுக்கி, இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், அசைவை அளக்கும் டயல் கேஜ், அங்குல-பவுண்டில் காட்டும் சிறிய டார்க் ஸ்பேனர், காற்று கம்ப்ரஸர், 300 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்ட் என்ற அழுத்த அளவு) வரை காட்டும் அழுத்தமானி. கண்ணாடி அணியுங்கள், அமுக்கிய ஸ்பிரிங்கும் சர்க்ளிப்பும் கண்ணைத்தான் தேடி வரும். அந்த ஆண்டுக்கான தொழிற்சாலைக் கையேடு ஒன்றை வாங்கிவிடுங்கள். நான் எழுதுவது அதற்குத் துணைதானே தவிர மாற்று ஆகாது.

இறக்கும் வேலையை நீங்களே செய்துவிடுவீர்கள், எஞ்சின் வேலை தெரிந்தவருக்கு அதில் புதிது ஒன்றும் இல்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். கன்வெர்ட்டர் போல்ட்டுகளை முதலில் கழற்றி, கன்வெர்ட்டரையும் பெட்டியோடு சேர்த்தே பின்னுக்கு நகர்த்துங்கள்.

ஆயில் தட்டைக் கழற்றியதும் அதைக் கழுவ அவசரப்படாதீர்கள். அடியில் இருக்கும் கசடைப் படியுங்கள். சாம்பல் நிறச் சேறு மெல்லிய படலமாக இருந்தால் அது வயதின் இயல்பு. கறுப்புத் துகள் பிளேட்டின் மேற்பூச்சு. பொன்னிறப் பொடி மின்னினால் எங்கோ ஒரு புஷ் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டும் கூரான இரும்புச் சில்லு ரோலர் கிளட்ச்சையோ பேரிங்கையோ சுட்டும். உங்கள் தட்டில் கறுப்போடு பொன்னிறமும் கலந்திருந்தால் என் டிரம் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

பிரிப்பதில் ஒரே விதி வரிசை. ஒரு நீண்ட மேசையில் பழைய விரிப்பைப் போட்டு, வெளியே வரும் ஒவ்வொன்றையும் வந்த வரிசையில், வந்த முகம் மேலே இருக்கும்படி இடமிருந்து வலமாக வையுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் எடுங்கள். வாஷர்கள் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், தடிமன் வேறு. ஆயிலை எந்தக் கிளட்ச்சுக்கு அனுப்புவது என்று பிரிக்கும் வால்வ் பாடியை இறக்கும்போது நான்கு சிறிய இரும்புக் குண்டுகள் இருக்கின்றன. எந்தக் குழியில் இருந்தன என்பதைப் படமெடுத்த பிறகே தொடுங்கள். ஒன்று இடம் மாறினால் கியர் மாற்றம் கெட்டுவிடும், ஒன்று தொலைந்தாலும் அதே கதி. முன்னாலிருந்து பின்னால்: பம்ப், இன்டர்மீடியட் பிளேட்டுகள், பேண்ட், டைரக்ட் டிரம், இன்புட் தண்டோடு ஃபார்வர்டு டிரம், முன் பிளானட்டரி, சன் கியர் கூடு, பின் பிளானட்டரி, லோ-ரிவர்ஸ் அடுக்கு. இந்த வரிசையில்தான் வெளியே வரும்.

கழுவுவதற்கு பெட்ரோல் வேண்டாம். மினரல் ஸ்பிரிட் (பெயிண்ட்டைக் கரைக்கும் திரவம்) போதும். கழுவியபின் காற்றடித்து உலர்த்துங்கள். பஞ்சு விடும் பழைய துணியால் துடைக்காதீர்கள். ஒரு நூல் இழை வால்வ் ஒன்றின் ஓரத்தில் சிக்கினால் அந்த வால்வ் பாதி வழியில் நின்றுவிடும்.

இனி ஆய்வு. இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள், புதுப் பாகங்களை அன்று பிரிக்கவே வேண்டாம். டைரக்ட் டிரம்மை எடுத்துக்கொள்ளுங்கள். உள்துளையில் விரல் நகத்தை மேலும் கீழுமாக இழுங்கள். நகம் எங்கும் தடுக்கக் கூடாது. புஷ்ஷைப் பாருங்கள், ஒரு பக்கம் மட்டும் செம்பு தெரிந்தால் டிரம் சாய்ந்து ஓடியிருக்கிறது. டிரம்மைப் பம்பின் கழுத்தில் செருகி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் புஷ் மாற்ற வேண்டும். பிறகு பம்ப். இரண்டு பாதியையும் பிரித்து, கியர் முகத்திலும் மூடியின் முகத்திலும் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஆழமாகச் சுரண்டப்பட்டிருந்தால் அந்தப் பம்ப்பை மறந்துவிடுங்கள். அழுத்தம் பிறக்கும் இடமே அது. பிஸ்டனின் பழைய சீல்களை விரலால் வளைத்துப் பாருங்கள். புது சீல் ரப்பராக வளையும். வயதான சீல் பிளாஸ்டிக் போல் விறைத்து, வளைத்தால் விரிசல் விடும். 50 ஆண்டு பழைய பெட்டியில் பெரும்பாலும் இந்த விறைத்த சீலே குற்றவாளியாக இருக்கும். குளிர்காலக் காலையில் ரிவர்ஸ் பிடிக்கத் தாமதமாகி, சூடானபின் சரியாகி வந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். ஸ்டீல் பிளேட்டுகளில் நீலத் திட்டுகள் இருந்தால் அவையும் போக வேண்டியவை. ரோலர் கிளட்ச் இரண்டும் ஒரு பக்கம் வழுக்கி மறுபக்கம் உடனே பிடிக்க வேண்டும். உருளைகள் ஓடிய தடத்தில் பள்ளம் இருக்கக் கூடாது.

வால்வ் பாடியைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். அதில் பெரும்பாலும் தேவைப்படுவது சுத்தம் மட்டுமே. ஒவ்வொரு வால்வையும் எடுத்துக் கழுவி, உலர்ந்த துளையில் விட்டால் தன் எடையிலேயே வழுக்கி இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் மறுபடி கழுவுங்கள். உப்புத்தாளை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வால்வின் ஓரங்கள் கூர்மையாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மழுக்கிவிட்டால் தூசி அந்த இடுக்கில் ஏறி ஆப்புபோல் இறுகும்.

கட்டத் தொடங்குவதற்கு முன் ஃப்ரிக்‌ஷன் பிளேட்டுகளைப் புது ஆயிலில் ஊறப்போடுங்கள். குறைந்தது அரைமணி நேரம், இரவு முழுவதும் என்றால் இன்னும் நல்லது. உலர்ந்த பிளேட் முதல் நிமிடத்திலேயே எரியும். வாஷர்களை இடத்தில் நிறுத்திவைக்க வாசலைன் பயன்படுத்துங்கள், அது சூடான ஆயிலில் கரைந்துவிடும். சக்கர பேரிங் கிரீஸ் கரையாது. ஃபில்டரிலும் சிறு துளைகளிலும் போய் அடைத்துக்கொள்ளும்.

பிஸ்டனை டிரம்முக்குள் இறக்குவதுதான் கைப்பழக்கம் கேட்கும் வேலை. சீலின் உதடு எப்போதும் அழுத்தம் வரும் பக்கத்தை, அதாவது டிரம்மின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். பிஸ்டன் உள்ளே போகும்போது அந்த உதடு டிரம் விளிம்பில் மடங்கப் பார்க்கும். மடங்கினால் வெளியே தெரியாது, நீங்கள் மூடிவிடுவீர்கள், பிளேட் மறுபடியும் எரியும். நான் செய்வது இது: மெல்லிய கிதார் கம்பி ஒன்றை வளையமாக மடித்து, பேனாக் குழாயில் செருகி ஒட்டி வைத்திருக்கிறேன். சீலுக்கும் டிரம்முக்கும் ஆயில் தடவி, பிஸ்டனை லேசாகச் சாய்த்து வைத்து, அந்தக் கம்பி வளையத்தால் உதட்டை உள்ளே தள்ளிக்கொண்டே சுற்றி வருவேன். பாதிச் சுற்று வந்ததும் பிஸ்டனை மெல்லத் திருகி அழுத்தினால், ஒரு கட்டத்தில் அது தானாகவே 'சளக்' என்று இறங்கும். பலம் கொடுக்க வேண்டியிருந்தால் எங்கோ மடங்கியிருக்கிறது. வெளியே எடுத்து மறுபடி தொடங்குங்கள். முதல் பிஸ்டனுக்கு எனக்கு 40 நிமிடம் ஆனது. இப்போது இரண்டு நிமிடம். அந்த 40 நிமிடத்தை நீங்களும் தாராளமாகக் கொடுங்கள்.

பிளேட்டுகளை அடுக்கி சர்க்ளிப் போட்டபின், மேல் பிளேட்டுக்கும் சர்க்ளிப்புக்கும் நடுவே ஃபீலர் கேஜால் இடைவெளியை அளந்து பாருங்கள். கையேட்டில் அளவு இல்லாத இடத்தில், ஒரு ஃப்ரிக்‌ஷன் பிளேட்டுக்குக் கால் மில்லிமீட்டர் என்ற கணக்கு பொதுவாகக் கைகொடுக்கும்.

அடுத்தது காற்றுச் சோதனை. இதைத் தவிர்க்கவே கூடாது. டிரம்மைப் பம்பின் கழுத்தில் செருகி, அந்தக் கிளட்ச்சுக்கான ஆயில் துளையில் 30, 40 பிஎஸ்ஐ காற்றைக் கொடுங்கள். நல்ல கிளட்ச் 'தொம்' என்று கனமாக ஒரு சத்தம் கொடுத்துப் பிடிக்கும். காற்றை நிறுத்தினால் விட்டுவிடும். சீல் மடங்கியிருந்தால் 'ஸ்ஸ்' என்று தொடர்ந்து சீறும். உலோக ரிங்குகளைச் சுற்றி லேசான கசிவு இயல்பு, அதைக் கண்டு கலங்க வேண்டாம். ஆனால் அந்தத் 'தொம்' வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். என் முதல் பெட்டியில் இந்தச் சோதனையைச் செய்திருந்தால், அந்த டிரம்மின் கசிவை மேசையிலேயே கேட்டிருப்பேன்.

பம்பின் இரண்டு பாதிகளையும் சேர்க்கும்போது வெளிச்சுற்று ஒரே கோட்டில் இருக்க வேண்டும். பெரிய ஹோஸ் கிளாம்ப் ஒன்றைச் சுற்றி இறுக்கிக்கொண்டு போல்ட்டுகளை முறுக்குங்கள். பெட்டிக்குள் பம்பை இறக்க, தலை அறுத்த நீண்ட போல்ட் இரண்டை வழிகாட்டியாகத் திருகிக்கொள்ளுங்கள். போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, சிறிது சிறிதாக முறுக்குங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் இன்புட் தண்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சுழலாமல் இறுகினால் ஒரு பிளேட்டின் பல் டிரம்மில் உட்காரவில்லை. அங்கேயே நிறுத்தி, பம்பைத் தூக்கிப் பாருங்கள். பிறகு டயல் கேஜை வைத்துத் தண்டை முன்னும் பின்னும் இழுத்தால் கிடைக்கும் அசைவு 0.010 முதல் 0.044 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் பம்புக்குப் பின்னால் இருக்கும் வாஷரை வேறு தடிமனில் மாற்ற வேண்டும்.

டார்க் கன்வெர்ட்டரைக் கழுவ முடியாது, உள்ளே போன கறுப்புத் துகள் உள்ளேயே இருக்கும். எரிந்த பெட்டிக்குப் புதுப்பித்த கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கிவிடுங்கள். ரேடியேட்டரில் இருக்கும் ஆயில் கூலரையும் குழாய்களையும் இரு திசையிலும் கழுவி, தெளிந்த ஆயில் வரும்வரை விடாதீர்கள். அடைபட்ட கூலர் நல்ல பெட்டியையும் கொன்றுவிடும்.

பெட்டியை வண்டியில் ஏற்றும் நாளில் ஒரு கணம் இருக்கிறது. புதியவர்களின் உழைப்பு பெரும்பாலும் அங்கேதான் வீணாகிறது. கன்வெர்ட்டருக்குள் ஒரு குவார்ட் (கால் கேலன், ஏறக்குறைய ஒரு லிட்டர்) ஆயில் ஊற்றி, தண்டில் செருகி, உள்ளே தள்ளிக்கொண்டே சுழற்றுங்கள். மூன்று இடங்களில் அது பொருந்த வேண்டும்: இன்புட் தண்டின் பற்கள், ஸ்டேட்டர் தாங்கியின் பற்கள், பம்ப் கியரின் இரண்டு நாக்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு 'டக்' கேட்கும், ஒவ்வொரு முறையும் சற்று உள்ளே போகும். இரண்டு 'டக்' கேட்டதும் போய்விட்டது என்று நினைக்கத் தோன்றும். மூன்றாவதுக்காகப் பொறுமையாகச் சுழற்றுங்கள். பெட்டி எஞ்சினோடு சேரும்போது இரண்டின் முகங்களும் கைவிசையிலேயே முழுதாக ஒட்ட வேண்டும். கன்வெர்ட்டர் தனியாகக் கையால் சுழல வேண்டும். அதற்கும் எஞ்சின் பக்கத்து ஃபிளெக்ஸ் பிளேட்டுக்கும் (கன்வெர்ட்டர் திருகப்படும் மெல்லிய தட்டு) நடுவே 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். முகங்களுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறதே, போல்ட்டை முறுக்கி இழுத்துவிடலாம் என்று ஸ்பேனரை எடுத்தால், எஞ்சினை முடுக்கும் முன்பே பம்ப் உடைந்துவிடும். பின்வாங்கி, மறுபடி சுழற்றுங்கள். ஒரு மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

மாடுலேட்டருக்குப் புதுக் குழாய் போடுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து வரும் டிடென்ட் கேபிள் இந்தப் பெட்டியில் கிக்டவுனுக்கு (ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தால் கீழ் கியருக்கு இறங்குவது) மட்டும்தான், சிறிது பிசகினாலும் பெட்டி பிழைத்துக்கொள்ளும். இதற்கு அடுத்து வந்த 700ஆர்4இல் அதேபோல் தெரியும் கேபிள்தான் ஆயில் அழுத்தத்தையே முடிவு செய்கிறது. அங்கே தவறாகப் பொருத்தினால் புதிதாகக் கட்டிய பெட்டி சில மைல்களிலேயே எரிந்துவிடும். எதிர்காலத்தில் அந்தப் பெட்டியைத் தொடுவீர்களானால் இதை மறக்காதீர்கள்.

முதலில் நான்கைந்து குவார்ட் டெக்ஸ்ரான் ஆயில் ஊற்றி எஞ்சினை முடுக்குங்கள். கன்வெர்ட்டர் நிரம்ப நிரம்ப அளவு இறங்கும், உடனே சிறிது சிறிதாகச் சேர்த்துக்கொண்டே போங்கள். காலியான பெட்டியும் புதுக் கன்வெர்ட்டரும் சேர்ந்து ஏறக்குறைய 10 குவார்ட் குடிக்கும். பின் சக்கரங்கள் இன்னும் ஸ்டாண்டின் மேல் இருக்கும்போதே, பிரேக்கை மிதித்துக்கொண்டு கியர் கம்பியை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்திப் பாருங்கள். அழுத்தமானியைப் பெட்டியின் சோதனைத் துளையில் மாட்டிப் பாருங்கள். ரிவர்ஸில் முள் மற்ற எல்லா நிலையையும்விட மேலே ஏற வேண்டும். சூடானபின், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பார்க் நிலையில் அளவைச் சரிபாருங்கள்.

முதல் 500 மைலுக்குச் சுமை இழுக்காதீர்கள். பிறகு ஆயில் தட்டை இறக்கி, புது ஃபில்டர் போட்டு, அடியில் என்ன படிந்திருக்கிறது என்று பாருங்கள். புதுப் பிளேட்டுகள் பழகும்போது உதிரும் மெல்லிய கறுப்புப் படலம் சிறிது இருக்கும். பொன்னிறம் இருக்கக் கூடாது.

டைரக்ட் டிரம்மைக் கையில் எடுத்த அன்று, உள்துளையில் நகம் மாட்டியதா, பிஸ்டன் சீல் வளைந்ததா ஒடிந்ததா என்று எனக்கு எழுதுங்கள். புது டிரம் வாங்க வேண்டுமா, புஷ் மட்டும் போதுமா என்பதை அதை வைத்துச் சொல்கிறேன். அதுவரை கிட்டைப் பிரிக்காதீர்கள்.